வெளுத்த கண்களும் ஒரு தொப்பியும்

ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா போன இளம்பெண் ஒருத்தி 1880களில் சிகாகோ ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் கையில் கிடைத்தால், முதலில் நம்மை நிறுத்துவது அவள் கண்கள்தான். நடுவே கரும்புள்ளி, அதைச் சுற்றி ஏறக்குறைய வெள்ளை.

நோயல்ல, வேதியியல். அன்றைய கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவை நீல ஒளியைத்தான் நன்றாக உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு. அதனால் நீலக் கண் வெளுத்தது. பொன்னிறக் கூந்தல் பழுப்பானது. கன்னத்துச் செம்புள்ளிகள் மை தெறித்ததுபோல் விழுந்தன. நெகட்டிவ் மீது கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து அவற்றை மறைத்தார்கள்.

படத்தை அச்சிட்ட மெல்லிய தாளில் முட்டை வெள்ளைக்கரு பூசியிருக்கும். உப்புக் கலந்த அந்தப் பூச்சின்மேல் வெள்ளி நைட்ரேட்டை ஏற்றி, நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்தால் உருவம் தானே எழும். பிறகு தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டுவார்கள். 4.25க்கு 6.5 அங்குல அளவுள்ள இதற்குக் கேபினட் கார்டு என்று பெயர். தபாலில் அனுப்பினாலும் எளிதில் கசங்காது.

அந்தத் தபால்தான் முக்கியம். 1867 முதல் 1869 வரை ஸ்வீடனில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1850க்கும் 1930க்கும் இடையில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் புறப்பட்டார்கள். தனியாக வந்த பெண்கள் பலருக்கு வீட்டுவேலை கிடைத்தது. ஊரில் பண்ணை வேலைக்காரிக்குத் தலையில் முக்காட்டுத் துணிதான். தொப்பி சீமாட்டிகளுக்கு உரியது. சிகாகோவில் அவள் தன் சம்பளத்தில் தொப்பி வாங்கலாம். அதை அணிந்து நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினாள். கடிதத்தில் நாலு பக்கம் எழுதினாலும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

பல படங்களின் பின்புறத்தில் பெயரே இருக்காது. பெற்ற தாய்க்கு மகள் பெயரை எழுதிக் காட்டுவானேன்? அதனால் இன்று பரணில் ஆல்பத்தைக் கண்டெடுக்கும் பேரப்பிள்ளைகள் சட்டைக் கையைப் பார்க்கிறார்கள். இறுக்கமாக இருந்தால் 1880கள். தோளில் பலூன்போல உப்பியிருந்தால் 1895ஐ ஒட்டிய காலம். ஊர் தெரிய வேண்டுமானால், அட்டையின் அடியில் அச்சிட்ட ஸ்டுடியோ முகவரி இருக்கிறது.