கன்று வீச்சு நோயும் நம் கடமையும்

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் தறியை நம்பியவராயினும் நிலத்தை நம்பியவராயினும், பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது கொட்டிலில் நிற்கும் கறவை மாடே. அம்மாடு, சினையான ஐந்தாம் மாதத்திற்குப் பின் கன்றை வீசிவிடுமாயின், கன்று போவதோடு கறவையும் குன்றும்.

இதைக் கண்ணேறு என்றெண்ணி வாளாவிருத்தல் தகாது. இதற்குரிய காரணங்களுள் முக்கியமானது புரூசெல்லா என்னும் நுண்கிருமி. மாடுகளைத் தாக்கும் வகையை டென்மார்க் நாட்டு அறிஞர் பெர்ன்ஹார்ட் பாங் 1897இல் கண்டறிந்தார். வீசிய கன்றிலும், நஞ்சுக்கொடியிலும், கசியும் நீரிலும் இக்கிருமி மிகுந்திருக்கும். அவை பட்ட தீவனத்தை உண்ணும் மாட்டிற்கு நோய் தொற்றும். அவற்றை வெறுங்கையால் எடுப்போரையும், காய்ச்சாத பாலை அருந்துவோரையும் விட்டுவிட்டு வரும் சுரமும் மூட்டுவலியும் வருத்தும்.

நோயுற்ற மாட்டைக் குணப்படுத்த நம்பத்தக்க மருந்து இல்லை. வருமுன் காக்க வழியுண்டு. மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்படி, 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. அந்த வயதைத் தவறவிடலாகாது.

கன்று வீசிய மாட்டைத் தனியே கட்டிக் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்து, இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். அவர் பார்த்த பின், கையுறை அணிந்து, கன்றையும் கொடியையும் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். பாலை நன்கு காய்ச்சியே பருக வேண்டும்.

உண்மையை மறைத்து அம்மாட்டைச் சந்தையில் விற்பவர், தம் நஷ்டத்தை இன்னோர் ஏழையின் கொட்டிலுக்கு அனுப்புகிறார். வாங்குபவர் நம் சங்கத்து அங்கத்தினராகவே இருக்கக்கூடும். ஆதலின், நேர்ந்ததைச் சங்கத்தில் கூச்சமின்றிச் சொல்லுதலும், சொன்னவரைப் பிறர் ஆதரித்தலும் கூட்டுறவின் பாற்பட்ட கடமைகளேயாம்.