தேர்வுக்கு முந்திய இரவில் தாத்தா பாட்டிக்கு என்ன வேலை?

மாசி பிறந்து பங்குனி நெருங்கும் நாட்களில் கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் ஔஷதகிரி ஏறும் கூட்டத்தில் மாணவர்களே மிகுதி. ஹயக்ரீவர் திருவடியில் பேனாவையும் தேர்வு நுழைவுச் சீட்டையும் வைத்து வாங்கிச் செல்கிறார்கள். பூந்தோட்டம் அருகே கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியிலும் இதே காட்சிதான். அவர்களின் கைபிடித்து அழைத்து வருபவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகள்.

பிரார்த்தனையை முடித்து வீடு திரும்பியபின் நமக்கு ஒரு கையறு நிலை ஏற்படுகிறது. பிளஸ் டூ உயிரியல் தேர்வுக்கு முந்திய நாள் மாலை, பேத்தி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறாள். கண் கலங்குகிறது. "எல்லாம் மறந்த மாதிரி இருக்கு, தாத்தா" என்கிறாள். நாம் படித்த காலத்துப் பாடம் வேறு. இன்றைய பாடம் வேறு. இனி நமக்கு என்ன வேலை என்று பூஜை அறைக்குள் ஒதுங்கிவிடத் தோன்றும். ஒதுங்க வேண்டாம். அன்று இரவு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அதற்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஹயக்ரீவ அவதாரத்தின் காரணத்தை எண்ணிப் பாருங்கள். மது, கைடபர் என்னும் அசுரர்கள் கவர்ந்து சென்ற வேதங்களைப் பகவான் பரிமுகத்தோடு தோன்றி மீட்டுத் தந்தார். அவர் புதிய வேதம் ஒன்றை இயற்றவில்லை, இருந்ததையே மீட்டார். கடைசி நேரத் திருப்புதலும் அத்தகையதே. ஆண்டு முழுவதும் உள்ளே சென்ற பாடத்தை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் அன்றைய பணி. தொடாத பாடத்தை அன்று புதிதாகத் தொடங்கினால் தெரிந்ததும் கலங்கிவிடும்.

வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் ஓர் உவமை சொல்கிறேன். மாலையில் கணக்கை முடிக்கும்போது பேரேட்டை எத்தனை முறை பார்த்தாலும் போதாது; பெட்டியில் உள்ள ரொக்கத்தை எண்ணியாக வேண்டும். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது பேரேட்டைப் பார்ப்பது போன்றது. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதே ரொக்கத்தை எண்ணுவது. குறைவது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

இது ஆய்விலும் தெளிவான உண்மை. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தனர். ஒரு பகுதியினர் பாடப் பத்தியை மீண்டும் படித்தனர். மற்றவர்கள் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே சற்று முன்னே நின்றனர். இரண்டு நாளிலேயே நிலை மாறியது. ஒரு வாரம் கழித்து, மீண்டும் படித்தவர்கள் நினைவில் வைத்திருந்தது 42 சதவீதம். நினைவிலிருந்து எழுதியவர்கள் வைத்திருந்தது 56 சதவீதம். படித்தவுடன் "எல்லாம் தெரிகிறது" என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதே இதன் பாடம்.

நம் முன்னோர் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். வேத பாடசாலையில் குரு ஒருமுறை சொல்ல, சீடர்கள் இருமுறை திருப்பிச் சொல்வதைச் 'சந்தை' என்பார்கள். சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிச் சொல்லும் கனபாடமும் உண்டு. ஏட்டைப் பாராமல் வாயால் சொல்லியே வேதம் தலைமுறைகளைக் கடந்து வந்தது. அங்கே கேட்பவர் ஒருவர் எப்போதும் எதிரே இருந்தார்.

அந்தக் கேட்பவராக நாம் அமரலாம். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பாட்டி, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி, கண்ணு" என்று பேத்தியின் எதிரே அமர்ந்துவிடுவார். பேத்தி எங்கே தயங்குகிறாளோ, அந்த இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார். பாட்டிக்குப் புரிந்ததோ இல்லையோ, பேத்திக்குத் தெளிந்துவிடும்.

என்ன கேட்பது என்று திகைப்பவர்களுக்குச் சில கேள்விகள். ஒரு மடாலயத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு வித்திட்டவர் மெண்டல் என்னும் துறவி. நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது இரண்டாம் தலைமுறையில் 3:1 என்ற விகிதம் ஏன் வந்தது? ஏ வகை இரத்தம் உள்ள தந்தைக்கும் பி வகை உள்ள தாய்க்கும் ஓ வகைக் குழந்தை பிறக்குமா? (இருவரிடமும் ஓ மரபணு மறைந்திருந்தால் பிறக்கும்.) சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரத்தைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் காணலாம், அத்தகைய காட்டு மரங்கள் சிலவற்றின் வேர்கள் சேற்றுக்கு மேலே நீள்வது ஏன்? (சேற்றில் காற்று இல்லாததால் சுவாசிக்க.) படங்களையும் பாராமல் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பொருளின் 'ஒய்' வடிவப் படத்தில் கனமான சங்கிலிகள் இரண்டு, இலேசானவை இரண்டு. நான்கும் வந்தனவா என்று எண்ணிப் பார்க்க நம்மால் முடியும்.

எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. பிடித்த பகுதிக்கே இரண்டு மணி நேரத்தைச் செலவிட்டுவிட்டு மற்றதை அரைகுறையாக விடும் பிள்ளைகள் உண்டு. மூன்று மணி நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும்படி அன்றிரவே நினைவூட்டலாம்.

பத்து மணிக்குள் விளக்கை அணைக்கச் செய்யுங்கள். படித்தவை மனத்தில் ஊன்றுவது உறக்கத்தில்தான். இரவெல்லாம் விழித்தவர்க்குத் தெரிந்த விடையும் மண்டபத்தில் நழுவும். காலையில் எளிய சிற்றுண்டி, இரண்டு பேனா, பென்சில், நுழைவுச் சீட்டு போதும். தேர்வன்று காலை பிள்ளையை நெடுந்தூரக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். அந்தப் பிரதட்சிணத்தை அவர்களுக்காக நாம் செய்வோம்.

மிக முக்கியமான ஒன்று. "நீ இத்தனை மதிப்பெண் வாங்கினால் முடி இறக்குவதாக வேண்டியிருக்கிறேன்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வேண்டுதல் நமக்கும் இறைவனுக்கும் இடையே இருக்கட்டும். மதிப்பெண் குறைந்தால் தெய்வத்துக்கே கடன்பட்டுவிட்டதாக அந்தப் பிஞ்சு மனம் எண்ணும். தேர்வு முடிவு வரும் நாட்களில் விபரீத முடிவெடுத்த பிள்ளைகளைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் படிக்கிறோம். மறுகூட்டல் உண்டு, துணைத் தேர்வும் உண்டு. உயிருக்கு அப்படி ஒரு மறுவாய்ப்பு இல்லை. இதை முடிவு வந்தபின் சொல்வதைவிட முந்திய இரவிலேயே சொல்லி வைப்பது நல்லது.

தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் வினாத்தாளைக் கேட்காமல், முதலில் ஒரு தம்ளர் மோரைக் கொடுங்கள்.