உஷார்! தக்காளிக்கு அடிக்கும் மருந்தை நாய் மேல் ஊற்றாதீர்கள்

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களே, காரிமங்கலத்து மாந்தோப்புக்காரர்களே, அரூர், பென்னாகரம் பக்கம் ஆட்டுப்பட்டிக்குக் காவலாக நாய் வளர்ப்பவர்களே, இதை இன்றே படித்துவிடுங்கள். நாய்க்கு உண்ணி ஏறிவிட்டால், பயிருக்கு அடித்து மிச்சமான பூச்சிமருந்தை வாளித் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுகிற பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. "போன தடவை ஊத்தினோமே, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சும் கூடவே இருக்கிறது. அந்தப் பேச்சை நம்பாதீர்கள். இந்த முறை நாய் செத்துப்போகலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகை மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. நாய்க்கும் மனிதனுக்கும் நரம்பு வேலை செய்யும் அடிப்படை அதேதான். நரம்பு தசைக்கு அனுப்பும் உத்தரவை, வேலை முடிந்ததும் ஒரு நொதி அழித்துவிட வேண்டும். இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். தோல் வழியாகவும் விஷம் இறங்கும். நாய் தன் உடம்பை நக்கும்போது வயிற்றுக்கும் போகும்.

எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், வாந்தியும் பேதியும் வரும். கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். உடம்பு துடிக்கும், வலிப்பு வரும், மூச்சுத் திணறும். சில நிமிடத்திலும் இது தொடங்கலாம், சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

தெரியாமல் ஊற்றிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். முதலில் உங்கள் கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த விஷம் உங்கள் தோலிலும் இறங்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் நாயைத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். நக்க விடாதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். துடிக்கிற நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் அட்ரோபின் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் உடனே போட முடியும். வழி தெரியாவிட்டால் கால்நடைகளுக்கான 1962 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உண்ணியை விட்டுவிடவும் கூடாது

பூச்சிமருந்து வேண்டாம் என்றால் உண்ணியைச் சும்மா விடலாம் என்று அர்த்தமில்லை. உண்ணியும் உயிர்க்கொல்லிதான். 1910-ல் மதராஸில் வேட்டைக்கு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் பாட்டன் என்ற ஆய்வாளர் உண்ணி பரப்பும் ஒரு புதிய கிருமியைக் கண்டார். பிறகு நரியின் ரத்தத்திலும் அதே கிருமி கிடைத்தது. இன்று பபேசியா கிப்சோனி என்று அதற்குப் பெயர். உலகத்துக்கு அது முதலில் தெரிந்ததே நம் மண்ணில் இருந்த நாய்களிடமிருந்துதான். இன்றும் நம் ஊர் நாய்களைக் கொல்கிறது. உண்ணி பரப்பும் இன்னொரு கிருமி எர்லிக்கியா. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தது இதனால்தான்.

காய்ச்சல், தீனி எடுக்காமல் ஓரமாகப் படுத்துக்கிடப்பது, ஈறு வெளிறுவது, சிறுநீர் காபி நிறத்தில் போவது, மூக்கில் ரத்தம் வடிவது. இதில் எதைக் கண்டாலும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எர்லிக்கியாவுக்கு மாத்திரை ஏறக்குறைய 4 வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் எழுந்து சாப்பிட்டதும் பாதியில் நிறுத்தினால், உள்ளே பதுங்கிய கிருமி மாதக்கணக்கில் கழித்து மறுபடி கிளம்பும்.

தினமும் செய்ய வேண்டியது

சாயங்காலம் ஐந்து நிமிடம் போதும். காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடிப்பக்கம், கக்கம், கால்விரல் இடுக்கு, வாலடி. இந்த இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டுமே ஆபத்து. எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள்.

நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள், சுவர் வெடிப்பை அடைத்துப் பூசுங்கள்.

நாய்க்கென்றே கழுத்தில் சொட்டாக விடும் மருந்தும், மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரையும் இருக்கின்றன. நாயின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கென விற்கும் அமிட்ராஸ் மருந்தைக்கூட அளவு மீறிக் கலந்தால் நாய் மயங்கிவிடும், இதயத் துடிப்பு குறைந்துவிடும். மாட்டுக்குப் போடும் உண்ணி ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடவே போடாதீர்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுப்பதும் வேண்டாம், அது ஈரலைக் கெடுக்கும்.

தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி தொடங்க வேண்டும். ரத்தபேதியால் குட்டிகள் துவண்டு சாவது பெரும்பாலும் பார்வோவால்தான். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 43 பேர் வெறிநோயால் இறந்தார்கள். உங்கள் நாய்க்குப் போடும் ஊசி உங்கள் பிள்ளைக்கும் காவல்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே. வீட்டில் திறந்து வைத்திருக்கும் பூச்சிமருந்து பாட்டில்களை எடுத்துப் பூட்டி வையுங்கள். மருந்து கலந்த வாளியில் நாய்க்குத் தண்ணீர் வைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் யாராவது நாயைக் குளிப்பாட்ட அந்த பாட்டிலைத் திறந்தால், பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஓடிப்போய்த் தடுங்கள்.