பழைய லேப்டாப்ல வைஃபை வரலையா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

இந்த எபிசோட், வீட்டுல ஒரு பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு இருந்த வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. பத்து, பன்னிரண்டு வருஷத்து லேப்டாப்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால நிறைய பேர் லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன்னு ஏதாவது ஒண்ணைப் போட்டு, தம்பிக்கோ தங்கச்சிக்கோ படிக்கக் கொடுத்துடலாம்னு நினைக்கிறாங்க. நல்ல யோசனை. இன்ஸ்டால் முடியும், டெஸ்க்டாப் பளிச்னு வரும், சவுண்டும் வரும். வைஃபை மட்டும் வராது. மூலையில அந்த ஐகானே இருக்காது.

"கார்டு போயிடுச்சு"ன்னு யாராவது சொல்லுவாங்க. லேப்டாப் பரணுக்குப் போயிடும். ஆனா கொஞ்சம் யோசிங்க. நேத்து வரைக்கும் விண்டோஸ்ல ஓடின கார்டு, லினக்ஸ் போட்ட அன்னைக்குப் பார்த்துச் செத்துப்போகுமா? பெரும்பாலும் கார்டு நல்லாத்தான் இருக்கும். கார்டுக்கும் உங்க பிரவுசருக்கும் நடுவுல நாலஞ்சு படி இருக்கு. அதுல ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கும். எந்தப் படின்னு கீழேருந்து மேல ஒவ்வொண்ணா பார்க்கணும். அவ்வளவுதான் இன்னைக்கு விஷயம்.

உதாரணத்துக்கு பிராட்காம் கார்டை எடுத்துக்கறேன். 2008-லேருந்து 2015 வரைக்கும் வந்த பல லேப்டாப்கள்ல இதுதான் இருந்தது. லினக்ஸ்ல அதிகமா படுத்தினதும் இதுதான்.

கேள்வி 1: லேப்டாப்புக்குக் கார்டு கண்ணுல படுதா?

டெர்மினலைத் திறங்க. எல், எஸ், பி, சி, ஐ, எல்லாம் சின்ன எழுத்துல சேர்த்து அடிங்க. ஒரு ஸ்பேஸ், ஒரு ஹைஃபன், அப்புறம் என், என், கே. என்டர். வர்ற பட்டியல்ல 'நெட்வொர்க் கன்ட்ரோலர்'னு ஒரு வரி இருக்கும். அதோட கடைசியில சதுர அடைப்புக்குள்ள ரெண்டு எண் இருக்கும். முதல் எண் 14இ4-ன்னு இருந்தா தயாரிச்சது பிராட்காம். ரெண்டாவது எண்தான் எந்தச் சிப்னு சொல்லும். அதை எழுதி வச்சுக்கங்க. லேப்டாப் அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க. ஒரே மாடல் லேப்டாப்ல வேற வேற கார்டு போட்டு வித்திருக்காங்க.

அந்த வரியே இல்லையா? அப்போ பிரச்சினை சாஃப்ட்வேர்ல இல்ல. பயாஸ்ல வயர்லெஸ்ஸை அணைச்சு வச்சிருக்கான்னு பாருங்க. அதுவும் சரியா இருந்தா லேப்டாப்பை முழுசா அணைச்சு, சார்ஜரையும் பேட்டரியையும் கழட்டிட்டு, அடி மூடியைத் திறங்க. கார்டைக் கழட்டித் திரும்ப மாட்டுங்க. அதுல ரெண்டு மெல்லிசான ஆன்டெனா ஒயர் சொருகியிருக்கும். எந்த ஒயர் எங்க இருந்ததுன்னு முதல்லயே ஒரு போட்டோ எடுத்துக்கங்க. ரவுட்டர் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் சிக்னல் வருதுன்னா, அந்த ஒயர் கழண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி 2: யாராவது பூட்டு போட்டிருக்காங்களா?

ஆர்எஃப்கில், ஸ்பேஸ், லிஸ்ட். இந்த கமாண்ட் ரெண்டு வகைப் பூட்டைக் காட்டும். 'சாஃப்ட் பிளாக்' எஸ்-னு இருந்தா சாஃப்ட்வேர் பூட்டு. ஆர்எஃப்கில், அன்பிளாக், வைஃபைன்னு அடிச்சா திறந்துடும். 'ஹார்ட் பிளாக்' எஸ்-னு இருந்தா எந்தக் கமாண்டுக்கும் அது அசையாது. பழைய லேப்டாப்கள்ல பக்கவாட்டுல ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், இல்லன்னா கீபோர்டுல எஃப்என் கீயோட சேர்த்து அமுக்குற பட்டன் இருக்கும். பையில போடும்போது அந்த ஸ்விட்ச் நகர்ந்திருக்கலாம். சிரிக்காதீங்க, இது ரொம்ப சகஜம்.

கேள்வி 3: எந்த டிரைவர் வேலை பார்க்குது?

முதல் கமாண்ட்லேயே இதுக்கும் பதில் இருக்கு. கார்டு வரிக்குக் கீழ 'கர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி வரணும். அது இல்லன்னா, கார்டைப் பார்க்க முடியுது, ஆனா அதுகூடப் பேச ஆள் இல்லன்னு அர்த்தம்.

இங்க ஒரு சின்ன வரலாறு. பிராட்காம் அந்தக் காலத்துல லினக்ஸ்காரங்களுக்குச் சிப்போட விவரங்களைக் கொடுக்கல. அதனால தன்னார்வலர்கள் ஒரு வேலை பண்ணாங்க. ஒரு குழு, ஏற்கெனவே இருந்த மூடிய டிரைவரை அலசி, சிப் எப்படி வேலை செய்யுதுன்னு குறிப்பு எழுதுச்சு. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படிச்சுப் புது டிரைவர் எழுதுச்சு. காப்பி அடிச்சாங்கன்னு யாரும் சொல்ல முடியாதபடி இந்த ஏற்பாடு. அப்படி வந்ததுதான் பி43 டிரைவர். 2008 ஜனவரியில வந்த 2.6.24 கர்னல்ல அது சேர்ந்தது. 2010 செப்டம்பர்ல பிராட்காமே சில புது சிப்களுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டுச்சு. ஆனா எல்லா சிப்பும் அதுல வரல.

அதனாலதான் எண் முக்கியம். 4315-னு இருந்தா அது பிசிஎம்4312, பி43 டிரைவர் போதும். 4727 என்றால் பிசிஎம்4313. அதுக்குக் கர்னல்லேயே டிரைவர் இருக்கு. 4365 என்றால் பிசிஎம்43142. இதுக்குத் திறந்த டிரைவர் கிடையாது, பிராட்காமோட மூடிய 'டபிள்யூஎல்' டிரைவர் ஒண்ணுதான் வழி. ஒரே கார்டுக்கு ரெண்டு டிரைவரையும் போட்டு வைக்காதீங்க. ரெண்டும் மோதிக்கும், எதுவும் நடக்காது.

கேள்வி 4: ஃபர்ம்வேர் இருக்கா?

டிரைவர் இருந்தும் சில கார்டுகள் எழுந்திருக்காது. அந்தச் சிப்புக்குள்ள ஓடவேண்டிய ஒரு குட்டி புரோகிராம் இருக்கு. அதுதான் ஃபர்ம்வேர். லேப்டாப்பை ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் அதை டிரைவர்தான் கார்டுக்குள்ள ஏத்தணும். சூடோ போட்டு டி, எம், இ, எஸ், ஜி-ன்னு அடிங்க. அதுல 'ஃபர்ம்வேர் நாட் ஃபவுண்ட்' மாதிரி வந்தா காரணம் கிடைச்சுடுச்சு. பி43-க்கான ஃபர்ம்வேரைத் தூக்கி மத்தவங்களுக்குக் கொடுக்க லைசென்ஸ் இடம் கொடுக்கல. அதனால ஒரு சின்ன இன்ஸ்டாலர் இணையத்துக்குப் போய், பிராட்காமோட பழைய டிரைவரை இறக்கி, அதுக்குள்ளேருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டி எடுத்துக்கும்.

இப்போ சிக்கல் புரியுதா? வைஃபை வரணும்னா இணையம் வேணும், இணையம் வேணும்னா வைஃபை வரணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும் கதைதான். இதுக்கு விடை உங்க பாக்கெட்லயே இருக்கு. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு, செட்டிங்ஸ்ல 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் பண்ணுங்க. லினக்ஸ் அதை ஒயர் இணைப்பு மாதிரி எடுத்துக்கும். அப்புறம் மின்ட்ல டிரைவர் மேனேஜர், உபுண்டுல அடிஷனல் டிரைவர்ஸ் திறந்தா வேலை சுலபமா முடியும்.

டபிள்யூஎல் டிரைவர் போடுறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, செக்யூர் பூட் ஆன்ல இருந்தா இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை வந்து, 'என்ரோல் எம்ஓகே'ன்னு கேட்கும். பயந்து கன்டினியூ அமுக்கிடாதீங்க, என்ரோல் கொடுத்து அதே பாஸ்வேர்டை அடிங்க. ரெண்டு, இந்த டிரைவரோட மூலத்தை பிராட்காம் 2015-க்கு அப்புறம் தொடல. புதுக் கர்னல் வரும்போது சில சமயம் உடையும். அப்டேட் பண்ண மறுநாள் வைஃபை காணாம போச்சுன்னா, பூட் மெனுவுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்க.

கேள்வி 5: ரவுட்டர் பேசுறது கார்டுக்குப் புரியுதா?

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியுது, உங்க வீட்டுது மட்டும் தெரியலையா? பிசிஎம்4312 மாதிரி கார்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற பெயர் அதோட கண்ணுக்கே படாது. ரவுட்டர்ல 2.4-ஐயும் ஆன் பண்ணுங்க. பெயர் தெரியுது, பாஸ்வேர்டும் சரி, ஆனா சேரமாட்டேங்குதுன்னா ரவுட்டர்ல டபிள்யூபிஏ3 மட்டும் வச்சிருக்கீங்களான்னு பாருங்க. பழைய கார்டுகள் பலதுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2, 3 ரெண்டும் கலந்த மோடுக்கு மாத்தினா போதும்.

அஞ்சும் பார்த்தும் வரலன்னா கார்டை மாத்தலாம், லேப்டாப்பை மாத்த வேண்டாம். ஏத்தராஸ் ஏஆர்9285 மாதிரி, ஏடிஹெச்9கே டிரைவர்ல ஓடுற மினி பிசிஐஇ கார்டுகளுக்குத் தனியா ஃபர்ம்வேரே ஏத்த வேண்டாம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்போட பயாஸ் வேற கார்டை ஏத்துக்குமான்னு விசாரிங்க. சில பழைய மாடல்கள், பட்டியல்ல இல்லாத கார்டு மாட்டினா பூட்டே ஆகாது. திறக்கவே பயமா இருந்தா, சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி அடாப்டர் கிடைக்கும். அதுலயும் பெட்டி மேல இருக்கிற கம்பெனிப் பெயரை விட உள்ள இருக்கிற சிப் பெயரைப் பார்த்து வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. யார்கிட்டயாவது உதவி கேட்கும்போது "வைஃபை வரல, ஹெல்ப்"னு மட்டும் எழுதாதீங்க. அந்த மூணு கமாண்டோட பதிலையும், எந்த லினக்ஸ், எந்தக் கர்னல்னும் சேர்த்துப் போடுங்க. பதில் சொல்றவங்களுக்குப் பாதி வேலை அங்கேயே முடிஞ்சுடும். பரண்ல ஒரு லேப்டாப் தூங்குதுன்னா, இந்த ஞாயித்துக்கிழமை இறக்கி முதல் கமாண்டை அடிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!