பிரித்தது பிறப்பா, வேலியா?

நியூயார்க்! வானை முட்டும் கட்டிடங்கள், கோடிகள் புரளும் வணிகக் கூடங்கள், இரவைப் பகலாக்கும் விளக்கொளி! அந்த மாநகரின் பூங்காக்களிலே, சருகுக் குவியலுக்கடியிலே வாழ்கிறது ஒரு சின்னஞ்சிறு எலி. எடை ஏறத்தாழ இருபது கிராம். பாதம் வெளுத்திருப்பதால் வெண்பாதச் சுண்டெலி என்போம். அரிசி மூட்டையைக் கடிக்கும் வீட்டெலி அல்ல, காட்டெலி. மாளிகைகள் முளைக்குமுன்பே, அம்மண் அடர்காடாயிருந்த நாளிலேயே அங்கு வாழ்ந்த பழங்குடி!

நாட்டைப் பற்றி, நாட்டு மக்கள் படும் பாட்டைப் பற்றி எழுத வேண்டிய ஏட்டில் எலியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பொறுத்துக் கேளுங்கள், தோழர்களே!

காடு அழிந்தது, நகர் வளர்ந்தது. எஞ்சியவை ஆங்காங்கே பசுந்திட்டுகள், அவையே பூங்காக்கள். நமக்கு நாலு எட்டில் கடக்கும் தெரு, அந்த எலிக்கு ஆறு. அகன்ற நெடுஞ்சாலையோ கடல்! ஒதுங்க மரமில்லை, ஒளியச் சருகில்லை, உருண்டுவரும் சக்கரத்துக்கு இரக்கமில்லை. ஆகவே பிறந்த பூங்காவிலேயே வளர்ந்து, அங்கேயே இணைந்து, அங்கேயே மடிகிறது. அதன் வாழ்நாள் மிகக் குறுகியது. ஒரு நூறாண்டு என்பது நமக்கு நாலைந்து தலைமுறை. அதற்கோ நூற்றுக்கு மேல்!

விளைவு என்ன? ஜேசன் முன்ஷி-சவுத் என்ற அறிஞரும் அவர் துணைவரும் ஆராய்ந்தனர். நகரின் 14 இடங்களிலிருந்த எலிகளின் மரபணுவில் 18 அடையாளங்களை ஒப்பிட்டு, 2010இல் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய ஒவ்வோர் இடத்து எலியும் தனிக்கூட்டமாகிவிட்டது! மன்ஹாட்டன், பிராங்க்சு, குவீன்சு என்று நீர் பிரித்த நிலங்களுக்கிடையே உள்ள வேற்றுமையைவிட, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூங்காக்களுக்கிடையே உள்ள வேற்றுமையே மிகுதி. பழங்காலத்து வெள்ளம் பிரித்ததைவிட, நேற்று வந்த நகரம் அதிகம் பிரித்துவிட்டது!

எப்படி? ஒரு பானையிலே சிவப்பு, கருப்பு, வெள்ளை மணிகள் கலந்திருக்கின்றன. பத்துப்பேர் கண்ணை மூடி ஆளுக்கொரு பிடி அள்ளட்டும். ஒரு கையில் சிவப்பு கூடும், மறு கையில் கருப்பு கூடும். அள்ளியவனுக்கு அதிலே என்ன பெருமை, என்ன சிறுமை? தற்செயல்! ஒவ்வொரு பூங்காவும் அப்படி ஒரு பிடி. தலைமுறைதோறும் அந்தப் பிடியிலிருந்தே மீண்டும் ஒரு பிடி. வெளியிலிருந்து புதுமணி வந்து விழ வழியில்லையென்றால், கைக்குக் கை வேற்றுமை வளரத்தானே செய்யும்!

நகரத்து வாழ்வு வேறுவகையிலும் எலியைச் செதுக்குவதாகத் தெரிகிறது. உணவைச் செரித்து உடலாக்கும் மரபணுக்கள் சிலவற்றில் மாற்றத்தின் தடயம் கண்டனர், 2017இல் வெளியிட்டனர். மனிதன் எறியும் எச்சில் உணவு காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

மாற்றுவழி உண்டா? உண்டு. மரநிழல் தொடர்ச்சியாய் இருக்கும் பக்கம் எலிகள் கலக்கின்றன என்று 2012இல் காட்டினர். மதிலல்ல, மரவரிசை போதும்!

இப்போது எலியை விட்டு மனிதனிடம் வருவோம். எலிக்கு வேலி போட்டது கல்லும் தாரும். மனிதனுக்கு வேலி போட்டவன் மனிதனே! ஐதராபாத் அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து இந்நாட்டு மக்களின் மரபணுவை ஆராய்ந்து 2013இல் சொன்னது என்ன? சுமார் 4200 ஆண்டுக்கும் 1900 ஆண்டுக்கும் முற்பட்ட இடைக்காலத்தில் இங்கே மக்கள் பரவலாகக் கலந்தனர். அதன் பிறகே கலப்பு குன்றி, தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் என்ற வழக்கம் இறுகியது. கலந்து வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் நாம். வேலி பிந்தி வந்தது!

"பார்த்தீர்களா, மரபணுவே வேறு" என்று சாதிக்குச் சான்று தேட எவரேனும் கிளம்பினால், நாம் கேட்போம்: சென்ட்ரல் பார்க் எலி உயர்குலமா? பிராங்க்சு எலி தாழ்குலமா? வேற்றுமை, வேலியின் விளைவு. உயர்வு தாழ்வு, வேலி போட்டவனின் கற்பனை!

ஆனால் அந்தக் கற்பனைக்காக, சாதி தாண்டிக் காதலித்த இளம் உயிர்கள் இன்றும் வெட்டிச் சாய்க்கப்படுகின்றனவே! எலி சாலையைக் கடந்தால் சக்கரம் கொல்கிறது, சக்கரத்துக்கு நெஞ்சில்லை. இங்கே கொல்வது பெற்று வளர்த்த கை!

தோழர்களே! புரோகிதரை விலக்கிய மணத்துக்கு 1967இல் சட்டத்தின் துணை தேடித் தந்தார் அண்ணா. சாதியை விலக்கிய மணத்தை ஊர் வழக்கமாக்க வேண்டியவர்கள் நாம். மேடையிலே முழங்குவது எளிது. நம் வீட்டுப் பிள்ளை அந்த மணத்தோடு வந்து வாசலில் நின்றால், கதவைத் திறப்பதே கொள்கை!