கிரியாட்டினைப் பிளக்கும் மண் நுண்ணுயிர்

பூம்புகார் கரையில் வலையை உதறும்போது துள்ளி விழும் மத்தி மீனின் தசையிலும், அந்த வலையை இழுத்த கையின் தசையிலும் கிரியாட்டின் இருக்கிறது. திடீரென்று பலம் தேவைப்படும் சில நொடிகளுக்கு ஆற்றல் தருவது அதன் வேலை. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 120 கிராம் இருக்கும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் தானாகவே கிரியாட்டினின் என்ற கழிவாக மாறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் தேங்கும்.

அதை அளக்க 1886இல் மாக்ஸ் ஜாஃபே கண்ட வழி இன்றும் பல ஆய்வகங்களில் உண்டு. காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் கிரியாட்டினின் ஆரஞ்சு நிறம் காட்டும். மலிவான முறைதான், ஆனால் சர்க்கரை நோயாளியின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸும் கீட்டோனும்கூட அதே நிறத்தைக் கிளப்பிவிடும்.

இதற்கு மாற்று மண்ணில் இருந்தது. 1937இல் ரெனே டூபோவும் பெஞ்சமின் மில்லரும், கிரியாட்டினினைச் சிதைக்கும் நொதிகளை மண் பாக்டீரியாக்களிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். இந்த வகையில் ஒன்றுதான் கிரியாட்டினேஸ். ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்து, கிரியாட்டினை யூரியாவாகவும் சார்கோசினாகவும் பிளந்துவிடும். நெல்லுக்கு நாம் மூட்டை மூட்டையாக இடும் அதே யூரியாதான்; பாக்டீரியாவுக்கும் தேவை அதிலுள்ள நைட்ரஜன். மனித உடம்பில் இந்த நொதி கிடையாது.

பரிசோதனையில் இதற்கு இரண்டு முறை வேலை. ரத்தத்தில் முன்பே இருக்கும் கிரியாட்டின் கணக்கைக் கெடுக்குமே! அதனால் பல ரீஏஜென்ட்களில் முதல் சுற்றிலேயே கிரியாட்டினேஸ் அதைத் தின்று தீர்த்துவிடும். பிறகு வேறொரு நொதி கிரியாட்டினினைக் கிரியாட்டினாகத் திருப்ப, கிரியாட்டினேஸ் மறுபடி பிளக்கிறது. அதில் வரும் சார்கோசினை மூன்றாவது நொதி ஆக்சிஜனேற்றம் செய்ய, ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அது ஒரு சாயத்தை உண்டாக்க, நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளக்கிறது. ஜாஃபே முறையைவிடச் செலவு அதிகம். சர்க்கரை நோயாளிக்கு அது வீண் செலவல்ல என்பேன்.

எண் சரியாக வந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். நடவு வயலில் மெலிந்துபோன பெண்ணுக்குத் தசை குறைவு. கிரியாட்டினினும் குறைவாகவே ஊறும். சிறுநீரகம் பாதி பழுதான பிறகும் அவர் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரலாம். இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையே 1990களிலிருந்து காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பரவிவருவதை நினைத்தால், காவிரிக் கடைமடையில் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்றும் சேர்த்தே பார்ப்பது நல்லது.