தொலைபேசியில் வரும் வங்கிக்காரர்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்னும் அறிஞர் 1876-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியபோது மறுமுனையில் இருந்தவர் அவருடைய உதவியாளர் வாட்சன். அழைப்பவர் யார் என்று வாட்சனுக்கு நன்றாகத் தெரியும். குரலும் தினமும் கேட்டுப் பழகிய குரல். இன்று நம் கைப்பேசிக்கு வரும் குரல்கள் எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. குரல் வருகிறது, முகம் வருவதில்லை. அந்த இடைவெளியில் புகுந்துகொண்டு, "நான் வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இது பட்டணத்துப் பணக்காரர் கவலை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். திருவாதவூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஒரு காலத்தில் வங்கிக் கணக்கு என்பது உத்தியோகம் பார்ப்பவர் வீட்டுச் சமாசாரம். 2014-இல் ஜன்தன் திட்டம் வந்த பின் வீட்டுக்கு வீடு கணக்கு உண்டாயிற்று. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிலேயே வந்து சேரத் தொடங்கின. கணக்கு அப்பத்தாவுக்கு; ஆனால் கைப்பேசியில் வரும் செய்தியைப் படிக்க அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, அல்லது கண் தெரியாது. "ஏத்தா, என்னமோ மணி அடிச்சுச்சு, என்னன்னு வாசி" என்று நம்மிடம்தான் நீட்டுகிறார். வீட்டில் இப்படிச் செய்தி வாசிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று எங்கள் வகுப்பில் ஆசிரியை ஒருநாள் கேட்டபோது, ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. அப்படியானால் வீட்டுப் பணத்தின் பூட்டைத் திறக்கும் ஆறு இலக்க எண்ணை வாய்விட்டுச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நாம்தாம். இதை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்த ஆறு இலக்க எண்தான் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு எண். இது ஏன் வந்தது என்று அறிந்துகொண்டால் திருடனின் தந்திரம் பாதி விளங்கிவிடும். வங்கி அட்டையின் முகப்பில் எண்ணும் காலாவதித் தேதியும், பின்புறம் மூன்று இலக்க எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அட்டையை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்ப்பவர் எவரும் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். ஆகவே இணையத்தில் பணம் செலுத்த, அட்டையில் இல்லாத இன்னொரு இரகசியமும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. இப்பூட்டை உடைப்பது கடினம். உடைக்க முடியாத திருடன் என்ன செய்வான்? வீட்டுக்காரரிடமே சாவியைக் கேட்பான். அவன் தொலைபேசியில் பேசுவது அதற்காகத்தான்.

கேட்கும் விதம் மிக மரியாதையாக இருக்கும். "வணக்கம் அம்மா, ஹெட் ஆபீசிலிருந்து மேனேஜர் பேசுறேன். உங்க ஏ.டி.எம். கார்டு இன்னிக்கு சாயங்காலத்தோட பிளாக் ஆயிடும். கே.ஒய்.சி. அப்டேட் பண்ணணும். கார்டு மேலே இருக்கிற பதினாறு நம்பரைச் சொல்லுங்க." சில வேளைகளில் நம் பெயரையும் அட்டையின் கடைசி நான்கு எண்களையும் அவனே சொல்லி வியக்க வைப்பான். இவை எங்கெங்கோ கசிந்த பட்டியல்களில் கிடைக்கக்கூடியவை. ஆதலால் அதனை அடையாளச் சான்றாகக் கொள்ளக் கூடாது. கைப்பேசித் திரையில் வங்கியின் பெயரே தெரிந்தாலும் அப்படித்தான். அந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கலாம். கவனிக்க வேண்டியது அவசரத்தை. "இன்று மாலைக்குள்", "போனை வைக்காதீங்க", "யாரிடமும் சொல்லாதீங்க" என்ற மூன்றில் ஒன்று வந்தாலே அது வங்கியன்று. உண்மையான வங்கியில் நாம் வரிசையில் நின்று காத்திருந்து பழகியவர்கள். நம் வேலைக்காக அவர்கள் இப்படிப் பதறியதை எங்கள் ஊரில் எவரும் கண்டதில்லை!

இன்னொன்றும் உண்டு. அட்டை எண்ணைக் கொடுத்ததே வங்கி. ஓ.டி.பி.யை அனுப்புவதும் வங்கி. தான் அனுப்பியதைத் தானே கேட்க வேண்டிய தேவை அதற்கு என்ன? கேட்கிறான் என்றால் தெரியாதவன் என்று பொருள்.

நம் ஊர்க்காரருக்கு இவ்விடத்தில் ஒரு கதை நினைவு வரும். திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராக இருந்து குதிரை வாங்கச் சென்றதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும் சிறு பிள்ளைகளும் அறிந்தவை. பாண்டியன் குதிரைகளை நேரில் நின்று பார்த்து மகிழ்ந்துதான் லாயத்தில் கட்டச் சொன்னான்; இரவானதும் அவை ஊளையிட்டன. அது திருவிளையாடல். நாம் சொல்ல வந்த நரிகளோ ஊளையிடும் நேரத்தில் பணம் நான்கு ஊர் கடந்து போயிருக்கும்.

இத்தொழிலுக்குப் பேர்போன ஊர் ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாம்தாரா. அங்கே கிராமத்து இளைஞர்கள் கைப்பேசியுடன் அமர்ந்து நாடெங்கும் பேசிப் பணம் பறித்தனர். பல மாநிலக் காவல்துறையினர் அங்கே சென்று கைது செய்துள்ளனர். அந்த மாவட்டத்தின் கர்மாடாரில்தான் விதவை மறுமணத்துக்காகவும் பெண் கல்விக்காகவும் பாடுபட்ட ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தம் இறுதிக் காலத்தின் பல ஆண்டுகளைக் கழித்தார் என்று படித்தபோது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. அவ்வூர் ரயில் நிலையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. செய்தித்தாளில் அந்த ஊர்ப் பெயர் வருவதோ வேறு காரணத்துக்காக.

தமிழகம் மட்டும் என்ன? 2020 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டியில், பாரத ஸ்டேட் வங்கியின் பெயரில் போலிக் கிளை ஒன்றையே அமைத்ததாக மூவர் கைதாயினர். அதில் முதன்மையானவருக்கு வயது 19. ரப்பர் முத்திரை, செலான் எல்லாம் அச்சடித்து வைத்திருந்தார்கள். கட்டடமும் கணினியும் வைத்தே வங்கியாக நடிக்க முடிந்ததென்றால், வெறும் குரலை வைத்து நடிப்பது எவ்வளவு எளிது என்று எண்ணிப் பாருங்கள்.

வேடங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எண்ணைக் கேட்டால் இப்போது பலர் உஷாராகிவிடுவதால், "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், இந்தச் செயலியை மட்டும் இறக்குங்க" என்கிறார்கள். ஏனிடெஸ்க் போன்ற செயலிகள் நம் திரையை அவர்கள் தம் இடத்திலிருந்தே பார்க்கவும் இயக்கவும் வழிசெய்பவை. அலுவலக வேலைக்கு உதவும் பொருள் திருடன் கையில் ஆயுதமாகிவிடுகிறது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் வங்கியின் சின்னத்தோடு ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தால் அதைத் தொடவே வேண்டாம். அதை நிறுவினால் நமக்கு வரும் ஓ.டி.பி. செய்திகளை அது ஓசையின்றித் திருடனுக்கு அனுப்பிவிடக்கூடும். "உதவித்தொகை வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள பின் எண்ணை அழுத்துங்கள்" என்பது மற்றொரு வேடம். யு.பி.ஐ.யில் பின் எண் பணம் கொடுக்கத்தான், வாங்க அன்று. உண்டியலில் காசு போடுகிறவர் சாவி கேட்பாரா?

அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? போனை வைத்துவிட வேண்டும். வாதாடவோ, கேலி செய்யவோ, அவனைச் சோதித்துப் பார்க்கவோ வேண்டாம். பேச்சு அவன் தொழில், நீளநீள அவனுக்கே ஆதாயம். முகத்தில் அடித்தாற்போல் வைப்பது மரியாதையில்லை என்று பெரியவர்கள் தயங்குவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தத் தயக்கத்தைத்தான் அவன் நம்பியிருக்கிறான். ஐயம் இருந்தால் பாஸ்புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே பேசலாம். கிளைக்கே போய்க் கேட்பது இன்னும் நல்லது. இணையத்தில் தேடிக் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" எண்ணை நம்பக் கூடாது, அதிலும் போலிகள் உண்டு. வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. ஆயினும் எந்த எண்ணிலிருந்து கேட்டாலும் ஓ.டி.பி. ஓ.டி.பி.தான்.

இனிச் சொல்லப்போவது பெற்றோருக்கு. சிறியவர்கள் சொல்கிறோம் என்று கோபிக்க வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் முதியவர்கள் முதலில் செய்வது, மறைப்பது. மகன் திட்டுவானே, மருமகள் குத்திக்காட்டுவாளே என்று இரவெல்லாம் விழித்திருந்து மறுநாள் மாலையில் சொல்கிறார்கள். ஆனால் பறித்த பணம் முதலில் ஒரு கணக்குக்கும், அங்கிருந்து வேறு சிலவற்றுக்கும் சில நிமிடங்களில் பாய்ந்து ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறது. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் நிற்கும் வங்கிக்குத் தகவல் போய் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. திட்டுக்குப் பயந்த அந்த ஒரு பொழுதில்தான் பணம் தொலைகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் இதையே காட்டுகிறது: வாடிக்கையாளரே எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பே அவருடையது; தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சேரும். ஏமாந்தவர் அறிவிலி என்பதும் சரியன்று. 2024-இல் லூதியானாவின் பெரிய நூற்பாலைக் குழுமம் ஒன்றின் தலைவரே, கைப்பேசியில் போலி நீதிமன்றத்தைக் காட்டி மிரட்டியவர்களிடம் 7 கோடி ரூபாயை இழந்தார். அப்பத்தாவைத் திட்டுமுன் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பணம் பாய்ந்தோடும் கணக்குகள் யாருடையவை தெரியுமா? பெரும்பாலும் நம்மைப் போன்ற எளிய குடும்பத்தாருடையவை. "உன் கணக்கையும் சிம்மையும் சில நாள் கொடு, சில ஆயிரம் தருகிறேன்" என்று கல்லூரி செல்லும் அண்ணன்மாரிடம் யாரேனும் கேட்பார்கள். கொடுத்தவர் வீட்டுக்குக் காவல்துறை வரும். கேட்டவரைக் காணவே முடியாது. இதையும் இன்றிரவே வீட்டில் பேசிவிடுங்கள்.

1930-இல் பேசும்போது தமிழிலேயே பேசலாம். கணக்கு எண், போன தொகை, போன நேரம், செய்தியில் உள்ள பரிமாற்ற எண் (யு.பி.ஐ.யாக இருந்தால் அது 12 இலக்கம்), அழைத்தவனின் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆகவே அந்தச் செய்திகளை அழித்துவிட வேண்டாம். பிறகு வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்கிவிட்டு, சைபர் கிரைம் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ எழுத்துப்பூர்வமாகவும் புகார் கொடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பலர் 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம், கண்ணாடி போடாமலே அப்பத்தா பார்க்கும் உயரத்தில்.